நல்ல மருந்து மூன்றைச் சேர்ப்பதற்கு ஏன் இத்தனை சோதனை?

போன மாதம் ஒரு பின்னேரம். ரியூசன் முடிந்து வந்து தேத்தண்ணியை வாயில் வைக்கிறேன், பக்கத்து வளவு அண்ணை படலையைத் தள்ளிக்கொண்டு வருகிறார். யாழ்ப்பாணத்து இணுவிலில் வெங்காயமும் புகையிலையும் வைக்கிறவர். அந்த நேரத்தில் தோட்டத்தில் தண்ணி மாறிக்கொண்டு நிற்க வேண்டிய ஆள், கையில் போனோடு நிற்கிறார்.

“மாஸ்டர், உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. தம்பி கனடாவில இருந்து வைபரில அனுப்பினவன்.”

தம்பிக்கு ஏழெட்டு மாதமாக ஒரு பக்க மூக்கு அடைப்பு. இடைக்கிடை இரத்தமும் வந்திருக்கிறது. பீனிசம் என்று நினைத்து ஆவி பிடித்து, மூக்குக்கு மருந்து அடித்துப் பார்த்து, கடைசியில் சதைத்துண்டு எடுத்துச் சோதித்தால் லிம்போமா என்கிற புற்றுநோய். அதிலும் மிக அரிதான ஒரு வகை. வழமையாக இதற்குக் கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் கொடுப்பார்கள். அவற்றோடு, உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியை ஏவிவிடுகிற நிர்ப்பீடனச் சிகிச்சை மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று நடக்கிறது, அதில் சேர விருப்பமா என்று கேட்டு இருபத்துநாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் தம்பி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

அண்ணையின் கேள்வி ஒன்றுதான். “மூண்டும் நல்ல மருந்து எண்டால் மூண்டையும் சேத்துக் குடுக்க வேண்டியதுதானே. பிறகென்ன பரிசோதனை? எங்கட பொடியனை எலியாக்கப் பாக்கினமோ?”

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், வைத்தியன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சொன்னதை, பிறகு ஆறுதலாக இருந்து சரிபார்த்து இங்கே எழுதுகிறேன்.

காலில் புண் வந்தால் கவட்டுக்குள் நெறி கட்டும். தொண்டை நொந்தால் கழுத்தில் கட்டும். நெறி என்று நாங்கள் சொல்வது நிணநீர்க் கணுவை. கிருமியோடு சண்டை பிடிக்கிற வெண்குழியங்கள் அங்கே கூடிப் பெருகுவதால் அது வீங்குகிறது. சண்டை முடிந்ததும் தானாக வற்றிவிடும். காவலுக்கு நிற்கிற இந்தக் கலங்களே அடக்கம் இழந்து, சண்டை ஒன்றும் இல்லாமல் சும்மா பெருகத் தொடங்கினால் அதுதான் லிம்போமா. இந்தக் கலங்களில் பி-கலம், ரி-கலம், இயற்கைக் கொல்லிக் கலம் என்று மூன்று பெரிய குடும்பங்கள் உண்டு. லிம்போமாக்களில் பெரும்பாலானவை பி-கலத்தில் இருந்து வருபவை. தம்பிக்கு வந்தது பெரும்பாலும் மூன்றாவது குடும்பத்தில் தொடங்கும் வகை; மருத்துவர்கள் என்.கே./ரி லிம்போமா, மூக்கு வகை என்பார்கள்.

மூக்குக்குள் தொடங்கி, பக்கத்தில் இருக்கிற இரத்தக் குழாய்களைச் சுற்றி வளைத்து அழிப்பது இதன் குணம். இரத்தம் போகாத சதை அழுகும். அதனால் சதைத்துண்டு எடுத்தாலும் சில வேளை செத்த சதைதான் கையில் வரும். மறுபடி எடுக்க வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கவே மாதக் கணக்கு ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் இது புற்றுநோயா வேறு ஏதுமா என்றே தெரியாமல், முகத்தின் நடுப்பகுதியை அரித்துக் கொல்லும் நோய் என்று பொருள்படும்படி பயங்கரமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

எவ்வளவு அரிது? சீனா, கொரியா, யப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளிலும், மெக்சிக்கோ, பெரு போன்ற இடங்களிலும் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. அமெரிக்காவில் ஒரு வருடத்தில் பத்து இலட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கிற ஆறு இலட்சம் பேரை அந்தக் கணக்கில் பார்த்தால், வருடத்துக்கு ஒரு நோயாளிகூட வரமாட்டார். இந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விசயம், வைரஸ். இந்த லிம்போமாவின் கலங்களுக்குள் கிட்டத்தட்ட எப்போதுமே எப்ஸ்டீன்-பார் என்கிற வைரஸ் இருக்கும். 1964இல் இலண்டனில், உகண்டாவில் இருந்து அனுப்பிய சிறுபிள்ளைகளின் கட்டித் துண்டுகளுக்குள் அந்தோனி எப்ஸ்டீனும் இவோன் பாரும் பேர்ட் ஆச்சொங்கும் கண்டுபிடித்தது. இதைச் சொன்னதும் அண்ணை போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பயப்பட ஒன்றும் இல்லை. உலகத்தில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸ் இருக்கிறது. எச்சில் வழியாகச் சின்ன வயதிலேயே வந்து, பி-கலங்களுக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும். எனக்கும் இருக்கும், அண்ணைக்கும் இருக்கும். மிக மிகச் சிலரிடம் மட்டும் அது போகக்கூடாத கலத்துக்குள் போய், வேறு பிழைகளும் சேர்ந்து, இப்படி முடிகிறது. தம்பியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதனால் புற்றுநோய் தொற்றாது. ஒரு நன்மைகூட உண்டு: கட்டிக் கலங்கள் சாகும்போது வைரஸின் டி.என்.ஏ. துண்டுகள் குருதியில் கலக்கும், அதை அளந்து சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கலாம்.

சரி, இனி மருந்துகள்.

கீமோ என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த ஒருவராவது இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் குறைவு. வேகமாகப் பிரிகிற கலங்களைக் கொல்கிற மருந்து. முடி வேரும் வாய்த்தோலும் வேகமாகப் பிரிகிறவை என்பதால் அவையும் அடிபடும். ஆனால் இந்த லிம்போமாவில் ஒரு சிக்கல். மற்ற லிம்போமாக்களுக்கு நன்றாகக் கேட்கிற மருந்துக் கூட்டு இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. காரணம், இயற்கைக் கொல்லிக் கலத்தின் சுவரில் பி-கிளைக்கோபுரதம் என்று ஒரு பம்பி இருக்கிறது. கலத்துக்குள் வருகிற நஞ்சை வெளியே இறைத்துத் தள்ளுவது அதன் வேலை. நல்ல காலத்தில் கலத்தைக் காப்பாற்றுகிற அந்தப் பம்பி, புற்றுநோயான பிறகும் நிற்பதில்லை; கீமோ மருந்தையும் இறைத்து வெளியே ஊற்றுகிறது. கிணற்றில் ஒருவர் வாளியால் ஊற்ற ஊற்ற இன்னொருவர் மோட்டர் போட்டு இறைக்கிற கதை.

இதற்கு வழி கிடைத்தது எதிர்பாராத இடத்தில் இருந்து. 1953இல் நியூயோர்க்கில் ஜோன் கிட் என்கிற ஆய்வாளர், லிம்போமா உள்ள எலிகளுக்குக் கினிப்பன்றியின் குருதிப் பாயத்தை (சீரம்) ஏற்றியபோது கட்டிகள் கரைவதைக் கண்டார். அவர் சோதித்த வேறு பிராணிகளின் பாயத்துக்கு அந்தக் குணம் இருக்கவில்லை. பிறகு 1961இல் காரணம் பிடிபட்டது: கினிப்பன்றியின் குருதியில் அஸ்பரஜினேஸ் என்கிற நொதியம் இருக்கிறது. அஸ்பரஜின் என்கிற அமினோ அமிலத்தை உடைப்பது அதன் வேலை. எங்கள் உடம்பின் சாதாரணக் கலங்கள் தமக்குத் தேவையான அஸ்பரஜினைத் தாமே செய்துகொள்ளும். சில இரத்தப் புற்றுநோய்க் கலங்களுக்கு அந்தக் கைவேலை தெரியாது, குருதியில் வருவதை நம்பித்தான் இருக்கும். நொதியம் குருதியில் இருக்கிறதை உடைத்துவிட்டால் அவை பட்டினியில் சாகும். இந்த மருந்து கலத்துக்குள் போகவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே போகாத ஒன்றைப் பம்பியால் எப்படி வெளியே இறைக்க முடியும்? அதனால்தான் இன்றைக்கு இந்த லிம்போமாவுக்கான கீமோக் கூட்டுகள் பலவற்றில் அஸ்பரஜினேஸ் இருக்கிறது.

(அஸ்பரஜின் என்ற பெயர் அஸ்பராகஸ் செடியில் இருந்து வந்தது, 1806இல் அதன் சாற்றில் இருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். எங்கள் வேலிகளில் படர்கிற சாத்தாவாரி அந்தச் செடியின் நெருங்கிய சொந்தம். இதைச் சொன்ன வாய்க்கு அண்ணை உடனே, “அப்ப சாத்தாவாரிக் கிழங்கு அனுப்பட்டோ, இல்லாட்டித் தின்னக் கூடாதோ?” என்று கேட்டார். இரண்டும் இல்லை. பெயர் மட்டும்தான் சொந்தம். வைத்தியரைக் கேட்காமல் ஒரு கிழங்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.)

கதிர்ச் சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோய் மூக்கையும் அண்டிய இடத்தையும் தாண்டாத மட்டும் கதிருக்கு இது நன்றாக அடங்கும். வழமையான அளவு 50 கிரே (கதிரை அளக்கிற அலகு) அளவில் இருக்கும். ஒரே நாளில் கொடுத்தால் தாங்காது என்பதால் நாளுக்கு 2 கிரே, கிழமைக்கு ஐந்து நாள் என்று பிரிப்பார்கள். அதாவது ஐந்து கிழமை. தலை அசையாமல் இருக்க முகத்தின் அச்சில் வலைபோல ஒரு கவசம் செய்து மேசையோடு பொருத்துவார்கள். வாய் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், ருசி என்பதே நாக்குக்குத் தெரியாமல் போகும், உறைப்புப் பட்டால் எரியும். யாழ்ப்பாணத்து நாக்குக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை.

கதிரையும் கீமோவையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்த யப்பானிய ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. கதிர் மட்டும் கொடுத்த முந்திய காலத்தில் இரண்டு வருடம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 45 பேர். சேர்த்துக் கொடுத்தபோது 78 பேர். அப்படியென்றால் இன்னும் 22 பேருக்கு அதுவும் போதவில்லை. நோய் வேறு இடங்களுக்குப் பரவிய பிறகு வருகிறவர்களின் நிலை இதைவிட மோசம். மூன்றாவது மருந்தைத் தேடுவது இதனால்தான்.

அந்த மூன்றாவது மருந்தை விளக்குவதற்கு யாழ்ப்பாணத்தவர்களைப் போல வாய்ப்பான மாணவர்கள் உலகத்தில் இல்லை. இந்த வகை மருந்துகளுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரிலேயே ‘செக்பொயின்ற்’, அதாவது சோதனைச்சாவடி, இருக்கிறது. வேறு ஊர்க்காரருக்கு அந்தச் சொல்லைப் படம் போட்டு விளங்கப்படுத்த வேண்டும். எங்களில் நாற்பது தாண்டிய யாருக்கும் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நடந்த ஞாபகம் காலிலேயே இருக்கும்.

உடம்புக்குள் ரி-கலம் என்பது ரோந்து போகிற காவல்காரன். ஒவ்வொரு கலத்தையும் நிறுத்திப் பார்க்கும். வைரஸ் புகுந்ததோ கெட்டுப் போனதோ என்றால் கொல்லும். ஆனால் அப்படிக் கொல்லத் தொடங்கிய காவல்காரன் நிற்காமல் போனால் நல்ல கலங்களும் சாகும். அதற்காக உடம்பு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறது. ரி-கலத்தின் மேலே பி.டி-1 என்று ஒரு புரதம். அதைக் கை என்று வைத்துக்கொள்வோம். மற்றக் கலங்கள் தேவைப்படும்போது பி.டி-எல்1 என்று ஒரு புரதத்தை வெளியே நீட்டும். அது பாஸ், போகவிடுகிற அனுமதிச் சீட்டு. பாஸ் கையில் பட்டதும் காவல்காரன், ‘சரி, போ’ என்று விட்டுவிடுவான். பி.டி-1ஐ 1992இல் கண்டுபிடித்தவர் கியோத்தோப் பல்கலைக்கழகத்தின் தசுக்கு ஹொஞ்சோ. 2018இல் ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

புற்றுநோய்க் கலம் செய்கிற கள்ள வேலை இந்தப் பாஸில்தான். கொல்லப்பட வேண்டிய கலம், பாஸைக் கட்டுக்கட்டாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. காவல்காரன் பக்கத்தில் நின்றும் ஒன்றும் செய்யமாட்டான். மூக்கு லிம்போமாவில் இது இன்னும் கூட: உள்ளே குடியிருக்கிற வைரஸின் புரதம் ஒன்றே கலத்தைத் தூண்டிப் பாஸை அதிகமாக அடிக்க வைக்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் காவல்காரனின் கையில் உறை போட்டதுபோல பி.டி-1இல் போய் ஒட்டிக்கொள்கின்றன. பாஸை எவ்வளவு நீட்டினாலும் கைக்குத் தெரியாது. காவல்காரன் தன் வேலையைத் தொடங்குகிறான். கவனியுங்கள், மருந்து நேராகப் புற்றுநோயைத் தொடுவதே இல்லை.

இது வெறும் கதை இல்லை என்று 2017இல் தெரிந்தது. ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த வைத்தியர்கள், அஸ்பரஜினேஸும் கைவிட்ட ஏழு நோயாளிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தார்கள். ஏழு பேருக்கும் நோய் குறைந்தது. அதில் ஐந்து பேருக்கு ஸ்கானில் நோயின் அடையாளமே தெரியாமல் போனது.

“அப்ப சரிதானே!” என்றார் அண்ணை.

ஏழு பேர். அவ்வளவுதான். அது நம்பிக்கை தருகிற ஏழு, ஆனால் முடிவு தருகிற ஏழு இல்லை. அடுத்த வருடமே அதற்கு எதிர்ப்பக்கமும் வந்தது. வேறொரு வைரஸால் வருகிற, ரி-கலத்தில் தொடங்குகிற இன்னொரு அரிய இரத்தப் புற்றுநோய் உண்டு. அந்த நோய் உள்ள மூன்று பேருக்கு அமெரிக்காவில் நிவோலுமாப் கொடுத்தார்கள். முதல் ஊசியோடேயே மூன்று பேருக்கும் நோய் சடசடவென்று ஏறிவிட்டது. யோசித்துப் பார்த்தால் விளங்குகிறது: அங்கே புற்றுநோயே ரி-கலம்தான். கையில் உறை போட்டபோது அவிழ்த்துவிட்டது காவல்காரனையா கள்ளனையா? சொந்தக்காரர்போல இருக்கிற இரண்டு நோய்களில் ஒரே வகை மருந்து இப்படி நேர்மாறாக நடக்கும் என்று முன்கூட்டியே கதிரையில் இருந்து சொல்லிவிட முடியாது.

இனித்தான் அண்ணையின் கேள்வி, மூன்றையும் சேர்ப்பது. இதற்குப் பதில் நான் சொல்லவில்லை, அண்ணையே சொன்னார். “போன மாரிக்கு முதல் உங்கட வெங்காயத்துக்கு என்ன நடந்தது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பங்கசுக்கு அடிக்கிற செப்பு மருந்து ஒன்று, பூச்சிக்கு அடிக்கிற மருந்து ஒன்று. இரண்டும் பல வருடம் அவர் பாவித்த நல்ல மருந்துகள். இரண்டு தரம் தோளில் டாங்கியைச் சுமக்கப் பஞ்சிப்பட்டு ஒரே டாங்கிக்குள் கலந்து அடித்தார். டாங்கியின் அடியில் பால் திரிந்ததுபோல இருந்ததாம். மூன்றாம் நாள் வெங்காயத் தாள் நுனியில் இருந்து வெள்ளையாகக் கருகி வந்தது. பூச்சியும் சாகவில்லை.

“தனித்தனிய அடிச்சால் ஒண்டுமில்லை, மாஸ்டர்.”

அதேதான். உடம்புக்குள் இந்த மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கும்? ஒரு பக்கம் நல்லபடி. கதிர் பட்டு உடைகிற கட்டிக் கலத்தின் உள்ளடக்கம் வெளியே சிந்தும். கள்ளனின் முகம் காவல்காரனுக்கு முதல் தடவையாகத் தெளிவாகத் தெரியும். அந்த நேரம் கையில் உறையும் இருந்தால் அடி நன்றாக விழும் என்பது எதிர்பார்ப்பு. மற்றப் பக்கம், கதிர் பட்டால் முதலில் சாகிற கலங்களில் ரி-கலமும் ஒன்று. கீமோவும் வெண்குழியங்களைக் குறைக்கும். லிம்போமாக் கீமோவில் வழமையாகச் சேர்க்கிற டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டெரொயிட். நிர்ப்பீடனத்தை அடக்குவது அதன் வேலை. ஒரு கையால் காவல்காரனை எழுப்பி, மற்றக் கையால் அவனுக்கு நித்திரைக் குளிசை கொடுக்கிறோமா? எந்த நாளில் எதைக் கொடுத்தால் ஒன்றை ஒன்று கெடுக்காது? அளவு மட்டுமல்ல, வரிசையும் கேள்விதான்.

வரிசை எவ்வளவு முக்கியம் என்று காட்ட வேறு புற்றுநோய்களில் இரண்டு பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. நுரையீரல் புற்றுநோயில், கீமோவும் கதிரும் முடிந்த பிறகு டுர்வலுமாப் என்கிற, கையில் இல்லாமல் பாஸிலேயே ஒட்டுகிற மருந்தைக் கொடுத்தார்கள். 713 பேர். 2017இல் முடிவு வந்தது: அந்த மருந்து வாங்காதவர்களில் பாதிப் பேருக்கு நோய் மறுபடி ஏறாமல் இருந்த காலம் 5.6 மாதம், வாங்கியவர்களில் 16.8 மாதம். உடனே எல்லாருக்கும் ஆசை வந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயில் அதே இலக்குள்ள இன்னொரு மருந்தான அவெலுமாப்பைக் கதிரும் கீமோவும் நடக்கும்போதே தொடங்கிக் கொடுத்தார்கள். 697 பேர். பலன் இல்லை, 2020இல் நிறுத்திவிட்டார்கள். புற்றுநோயும் வேறு, மருந்தும் வேறு என்பதால் ஒன்றை ஒன்று நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஒரு சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு: கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குக் கதிர் அடித்தால், ரி-கலங்கள் பாடம் படிக்கிற பள்ளிக்கூடத்தையே இடித்துவிடுகிறோமோ? மூக்கு லிம்போமாக்காரரும் கதிர் வாங்குவது அதே அயலில்தான்.

பலன் இல்லாமல் போவதுகூடப் பரவாயில்லை. 2017 யூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மைலோமா என்கிற என்பு மச்சைப் புற்றுநோயில் பெம்ப்ரோலிசுமாப்பை வேறு இரண்டு வழமையான மருந்துக் கூட்டுகளோடு சேர்த்துப் பார்த்த ஆய்வுகளை நிறுத்தச் சொன்னது. காரணம், சேர்த்து வாங்கிய பக்கத்தில் இறப்புகள் கூடியிருந்தன. எல்லாம் தனித்தனியே நல்ல மருந்துகள். ஆய்வு என்று வைத்து இரண்டு பக்கத்தையும் எண்ணிக்கொண்டிருந்தபடியால்தான் அது கண்ணில் பட்டது. எண்ணாமல் ஆசையில் எல்லாருக்கும் கொடுத்திருந்தால் நோயால் செத்தார்கள் என்றே எழுதியிருப்பார்கள்.

பக்கவிளைவும் கீமோவின் பக்கவிளைவு மாதிரி இல்லை. முடி கொட்டாது, சத்தியெடுப்பதும் குறைவு. ஆனால் அவிழ்த்துவிட்ட காவல்காரன் நல்ல வீட்டுக்குள்ளும் புகுவான். தைரொயிட்டைத் தாக்கலாம், குடலைத் தாக்கி வயிற்றோட்டம் வரலாம், நுரையீரல் அழன்று இருமலும் இளைப்பும் வரலாம், ஈரல், தோல் எதுவும் விலக்கில்லை. சில வேளை மருந்து தொடங்கி மாதங்கள் போன பிறகு வரும், ஏன் மருந்தை நிறுத்திய பிறகும் வரலாம். ‘சாதாரண இருமல்தானே’ என்று பனங்கற்கண்டோடு நின்றுவிடக் கூடாது என்பதை அண்ணையிடம் இரண்டு தரம் சொன்னேன். தம்பி அந்த மருந்து வாங்குகிற ஆள் என்று எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டும்.

இனி ஆய்வு எப்படி நடக்கும் என்பது. புதுக் கூட்டு என்றால் முதற் கட்டத்தில் சில பேருக்கு மட்டும் கொடுத்து, எந்த அளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் இன்னும் சில பத்துப் பேர். வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பழைய சிகிச்சை, மறுபக்கத்துக்குப் புதியது. சீட்டு ஏன் குலுக்க வேண்டும் என்று தோட்டக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் பழைய விதை, இந்த வருடம் புது விதை, விளைச்சல் கூட. அது விதையாலா மழையாலா? இரண்டையும் ஒரே தறையில், ஒரே நாளில், பாத்தி மாறிப் பாத்தி வைத்தால்தான் தெரியும்.

முதலே சொன்ன இலக்கம் இங்கேதான் தேவைப்படுகிறது. பத்து இலட்சத்துக்கு ஒருவர்கூட இல்லாத நோயில் நூற்றுக்கணக்கானவர்களை எங்கே பிடிப்பது? ஒரு வைத்தியசாலை மட்டும் என்றால் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் போதாது. அதனால் பல நகரங்கள், சில வேளை பல நாடுகள் கூட்டுச் சேர்ந்து ஆள் சேர்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில், சீட்டுக் குலுக்காமல், சேர்கிற எல்லாருக்குமே மூன்றையும் கொடுத்து, முந்திய ஆய்வுகளின் முடிவோடு ஒப்பிடுவார்கள். அதில் மழையா விதையா என்கிற சந்தேகம் முழுதாகப் போகாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் தேகபலம் உள்ளவர்கள், அதனாலேயே முடிவு நன்றாகத் தெரியக்கூடும். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்திரிகைகள் ‘அற்புத மருந்து’ என்று போடுகிற தலைப்புகளில் பாதி இந்த மாதிரிச் சின்ன ஆய்வுகள்தான். ஆனால் அரிய நோய்க்காரருக்கு வேறு வழியும் இல்லை.

தம்பியின் படிவத்தை வாசித்தால் அதுவும் அப்படியான இரண்டாம் கட்ட ஆய்வுதான். வெற்றுமருந்து கொடுத்து ஏமாற்றுகிற பேச்சே இல்லை. கீமோவும் கதிரும் எல்லாருக்கும் உண்டு, புதியது மேலதிகம். முதலில் சேர்கிற சிலரைக் கூடுதலாகக் கவனிப்பார்கள், பாரதூரமான பக்கவிளைவு குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால் ஆள் சேர்ப்பதை நிறுத்துவார்கள் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது. எப்ப வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழமையான சிகிச்சை தடைப்படாது என்று பத்தாம் பக்கத்தில். எலியிடம் யாரும் இருபத்துநாலு பக்கம் எழுதிக் கையெழுத்துக் கேட்பதில்லை என்று அண்ணைக்குச் சொன்னேன். எங்கள் நாட்டிலும் இதற்கு ஒழுங்கு உண்டு: இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2006இல் இருந்து இயங்குகிறது, யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி கொடுக்கிற ஒழுக்கவியல் குழு இருக்கிறது.

அண்ணை எழும்பிப் போய் எங்கள் சுவரில் தொங்கின பஞ்சாங்கக் கலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ‘மூக்கு லிம்போமாவில இதை முந்தி எத்தினை பேருக்குக் குடுத்தது? ஸ்டெரொயிட் குடுக்கிற நாளும் புது மருந்து குடுக்கிற நாளும் எவ்வளவு தள்ளி? இரவில மூச்சு இழுத்தால் ஆருக்கு அடிக்கிறது? மேலதிக ஸ்கானுக்கு ஆர் காசு?’ எழுத்து அவருடைய வெங்காயப் பாத்தி மாதிரி, நேராகவும் நெருக்கமாகவும் இருந்தது. படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினார்.

ஒரு கிழமை கழித்துத் தம்பி கதைத்தாராம். இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் வைத்தியர் பேனையை வைத்துவிட்டு, உங்கள் குடும்பத்தில் யார் மருத்துவர் என்று கேட்டிருக்கிறார். அண்ணை, தோட்டக்காரர் என்று தம்பி சொன்னாராம்.

“பதில் என்னவாம்?” என்றேன்.

“ஸ்டெரொயிட்டைக் குறைச்சுத்தான் வச்சிருக்கினமாம், ஆனால் முழுக்க எடுக்கேலாதாம். அது சரியோ எண்டு பாக்கிறதும் இந்த ஆய்வில ஒரு கேள்வியாம்.” கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தவர், தோட்டத்தில் மோட்டர் ஓடுகிறது, பாத்தி நிரம்பி வழியப்போகிறது என்று படலையைச் சாத்தாமலே ஓடிவிட்டார்.